போனவர் இன்னும் நம்மவரா? – டான் செங் ஹோவும் கெடா இரசிகர்களும்

காற்பந்து இரசிகனைப் போல் எளிதில் மகிழ்பவனும் இல்லை. அவனைப் போல் எளிதில் கோபப்படுபவனும் இல்லை. கோல் விழுந்தால் முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடிப்பான். தோற்றுவிட்டால் சொந்த அண்ணனிடம்கூட இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டான். இவை இரண்டும் நமக்குப் பழகியவைதான். ஆனால் மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாமல், கோபம் என்றும் சொல்ல முடியாமல் நெஞ்சில் தங்கிவிடும் மூன்றாவது உணர்வு ஒன்று உண்டு. குழுவைத் தூக்கி நிறுத்திய பயிற்றுநர் விலகிச் சென்ற பிறகு, அவர் பெயரை யாராவது சொன்னால் வரும் உணர்வு அது. கெடா இரசிகர்களுக்கு அந்தப் பெயர் டான் செங் ஹோ.

நான் சிடாம் கிரியில் பிறந்து வளர்ந்தவன். கெடாவின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் அது. ‘கிரி’ என்றால் மலாயில் இடது. கூலிம் மாவட்டத்தில் ‘சிடாம் கானான்’, அதாவது வலது சிடாமும் இருக்கிறது. பேரவை நண்பர்கள் பலருக்கு இந்தப் பெயரையே நான்தான் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் வட்டாரத்தில் கடந்த சில ஆண்டுகளாக முடிவே இல்லாமல் நடந்துவரும் ஒரு வாதத்தை இங்கே விளக்க முயல்கிறேன். ‘டான் செங் ஹோ நம்மை விட்டுப் போனது சரியா?’ என்பதே அந்த வாதம். கேட்பதற்கு வெறும் காற்பந்து பேச்சுதான். ஆழ்ந்து யோசித்தால், தோட்டத்திலிருந்து வந்து பட்டம் வாங்கப்போகும் நம் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

பச்சையும் மஞ்சளும்

கெடாவின் நிறம் பச்சை, மஞ்சள். ‘ஹிஜாவ் கூனிங்’ என்று சொன்னாலே மாநிலக் குழு என்று பொருள். குழுவின் வீடு அலோர் ஸ்டாரில் உள்ள டாருல் அமான் அரங்கம். சிடாம் கிரியிலிருந்து அங்கே போக வேண்டுமானால் நெடுஞ்சாலையில் ஏறி, குருனைத் தாண்டி, வயல்கள் தெரியும்வரை வடக்கே ஓட்ட வேண்டும். செம்பனையும் பால்மரமும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த வயல்வெளி வேறு நாடு போலத் தெரியும். என்றாலும், ஆட்டம் என்றால் வண்டியைப் பகிர்ந்துகொண்டு போகிறவர்கள் தோட்டத்தில் எப்போதும் இருந்தார்கள்.

தோட்டத்துக்கும் காற்பந்துக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் ஆகிய மூன்றும் இல்லாத பழைய தோட்டம் அரிது. காலையில் மரம் வெட்டிவிட்டு, பால் எடுத்துக் கொட்டிவிட்டு, மாலையில் வெறுங்காலோடு பந்தாடிய தலைமுறை எங்கள் தாத்தாக்களுடையது. எங்கள் தலைமுறையில் திடல் சிறுத்துவிட்டது, தொலைக்காட்சி பெரிதாகிவிட்டது. ஆனாலும் மாநிலக் குழுவின் மேல் இருந்த பற்று குறையவில்லை.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும்வரை கெடா என்பது எனக்கு அப்பாவின் குழு. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபிறகுதான் அது எல்லாருடைய குழு என்று புரிந்தது. படிவம் ஒன்றில் மலாய் மாணவர்களோடு முதன்முதலாகத் தயக்கமின்றிப் பேச எனக்குக் கிடைத்த விஷயம் கெடாதான். தடுமாறும் என் மலாய்மொழியைக் கேட்டுச் சிரிக்காமல் அவர்கள் கவனித்ததும் அந்தப் பேச்சில் மட்டும்தான். அவர்கள் டான் செங் ஹோவை ‘ஓராங் கித்தா’ என்பார்கள். ‘நம்ம ஆள்’ என்று பொருள். அலோர் ஸ்டாரில் பிறந்த ஒரு சீனரை மலாய் மாணவர்களும் தோட்டத்துத் தமிழனும் ஒரே மூச்சில் ‘நம்ம ஆள்’ என்று சொன்ன காலம் அது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கசப்பெல்லாம் இந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கிறது.

ஏற்றமும் இறக்கமும்

கெடா இரசிகனின் மனத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் எதைப் பார்த்தவன் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990-இலும் 1993-இலும் கெடா மலேசியக் கிண்ணத்தை வென்றது. இரண்டு இறுதியாட்டங்களிலும் வீழ்ந்தது சிங்கப்பூர். அதன்பிறகு நீண்ட காத்திருப்பு. 2006-07 பருவத்தில் அஸ்ராய் கோர் அப்துல்லா பயிற்றுநராக இருந்தபோது சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் ஆகிய மூன்றையும் கெடா ஒரே பருவத்தில் வென்றது. ஒருமுறை வென்றால் அதிர்ஷ்டம் என்பார்கள். 2007-08 பருவத்திலும் அதே மூன்றையும் மீண்டும் வென்றது. அப்போது எனக்கு நான்கைந்து வயது. எதுவும் நினைவில்லை. ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி, நானே அரங்கில் இருந்தது போல் மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ், நெல்சன் சான் மார்ட்டின் என்ற பெயர்கள் பதிந்துவிட்டன.

2009-இல் மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. அந்தப் பெயர்கள் மறைந்தன. குழுவின் பலமும் கரைந்தது. 2013-இல் கெடா இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை மூன்று கிண்ணம் தூக்கிய குழு, ஐந்தே ஆண்டுகளில் கீழ்த்தட்டில்!

அந்தக் காலத்தில்தான் டான் செங் ஹோ பொறுப்புக்கு வந்தார். அவர் கெடாவின் முன்னாள் ஆட்டக்காரர். தேசியக் குழுவில் கே. ராஜகோபாலின் உதவிப் பயிற்றுநராகவும் இருந்து பழகியவர். வந்தவுடன் மாயம் எதுவும் நிகழவில்லை. 2015-இல் கெடா பிரீமியர் லீக்கை வென்று மேலே ஏறியது. அதே ஆண்டு இரண்டாம் நிலைக் குழுவாக இருந்துகொண்டே மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தையும் எட்டியது. டிசம்பர் 12 அன்று ஷா ஆலாமில் சிலாங்கூரிடம் 0-2 எனத் தோற்றது.

மறு ஆண்டு, 2016 அக்டோபர் 30. அதே ஷா ஆலாம், அதே சிலாங்கூர், அதே இறுதியாட்டம். முதல் நாள்தான் தீபாவளி. வீடு நிறைய விருந்தாளிகள். மீதமிருந்த முறுக்கும் அதிரசமும் தட்டில் இருக்க, கூடத்தில் இடமில்லாமல் வாசலில் நின்றபடியும் பார்த்தார்கள். ஆட்டம் 1-1 எனச் சமமாகி, பினால்டிக்குப் போய், 6-5 எனக் கெடா வென்றது. அது கெடாவின் ஐந்தாவது மலேசியக் கிண்ணம். எங்கள் வரிசையில் முதல்நாள் மிச்சமிருந்த பட்டாசெல்லாம் அன்றிரவுதான் தீர்ந்தது. அடுத்த ஆண்டு மே 20-இல் பகாங்கை 3-2 என வென்று எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது.

விழுந்து கிடந்த குழுவைத் தூக்கி நிறுத்தியவர் ஊர்க்காரராகவும் அமைந்தது நமக்குக் கிடைத்த பேறு என்று எல்லாரும் நினைத்திருந்த வேளையில்தான் அந்தச் செய்தி வந்தது.

பாதியில் பிரிவு

2017-இல் தேசியக் குழுவின் பயிற்றுநராக போர்ச்சுகலைச் சேர்ந்த நெலோ விங்காடா நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாக டான் செங் ஹோவை மலேசியக் காற்பந்து சங்கம் கேட்டது. ஆண்டின் நடுவில், பருவம் முடியுமுன்பே அவர் கெடாவை விட்டுப் போனார். பொறுப்பை நிட்சாம் அட்சா ஏற்றார். அந்த ஆண்டும் கெடா மலேசியக் கிண்ண இறுதிவரை போனது. ஜொகூர் டாருல் தக்சிமிடம் 0-2 எனத் தோற்றது.

‘அவர் இருந்திருந்தால்...’ என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது. இருந்திருந்தால் வென்றிருப்போமா என்பது யாருக்கும் தெரியாது. 2014 முதல் 2024-25 வரை ஒவ்வொரு பருவமும் சூப்பர் லீக்கை வென்ற குழு அது. என்றாலும், இரசிகன் மனம் கணக்கைக் கேட்பதில்லை.

விங்காடா ஒரு வெற்றியும் காணாமல் விலக, 2017 டிசம்பரில் டான் செங் ஹோ தேசியப் பயிற்றுநரானார். 2018 சுசுகி கிண்ணத்தில் மலேசியா இறுதியாட்டத்தை எட்டியது. அரையிறுதியில் தாய்லாந்தோடு சொந்த மண்ணில் 0-0, அவர்கள் மண்ணில் 2-2. வெளியூரில் போட்ட கோல்களால் மலேசியா முன்னேறியது. இறுதியில் வியட்நாமிடம் மொத்தக் கணக்கில் 2-3 எனத் தோற்றது. அந்த வாரங்களில் எங்கள் பள்ளியில் யாரும் அவரைக் குறைசொல்லவில்லை. ‘எங்கள் பயிற்றுநர்’ என்று மார்தட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில் வியட்நாமிடம் 0-3, இந்தோனேசியாவிடம் 1-4 எனத் தோற்று மலேசியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2022 ஜனவரியில் அவர் பதவி விலகினார். அப்போது அதே வாய்கள், ‘நம்மை விட்டுப் போனாரே, பார்த்தீர்களா!’ என்றன.

பிறகு தாய்லாந்தின் போலீஸ் தேரோ குழு. அதே ஆண்டில் மீண்டும் மலேசியாவுக்கு வந்தார். வந்து சேர்ந்த இடம் சிலாங்கூர்! 2015-இல் நம்மை அழவைத்த, 2016-இல் நாம் அழவைத்த அதே சிலாங்கூர். 2023 பருவத்தில் அந்தக் குழு சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தப் பருவத்தில் அவர் கெடாவை எதிர்த்தும் நின்றார்.

மூன்று குரல்கள்

எங்கள் வட்டாரத்தில் கேட்கும் கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது நன்றிக் குரல். ‘கீழே கிடந்தவனைத் தூக்கிவிட்டவரைத் திட்டாதே’ என்பது இதன் சாரம். பெரும்பாலும் 2013, 2014 காலத்தில் காலியான இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் இப்படிப் பேசுவார்கள். பட்டினியைப் பார்த்தவனுக்குத்தான் சோற்றின் அருமை தெரியும்.

இரண்டாவது மனக்குறைக் குரல். இதை என் பள்ளித் தோழர்கள் ‘மெராஜோக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நெருக்கமானவரிடம் மட்டும் காட்டும் ஊடல் போன்ற கோபம் அது. அந்நியரிடம் யாரும் மெராஜோக் செய்வதில்லை. ‘போகட்டும், ஆனால் பருவத்தை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். போகட்டும், ஆனால் சிலாங்கூருக்கா போக வேண்டும்?’ என்பதே இவர்களின் கேள்வி.

மூன்றாவது நடைமுறைக் குரல். எங்கள் பெரியப்பா இந்தக் கட்சி. மரம் வெட்டி, பிறகு தொழிற்சாலை வேனில் ஏறி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். ஒருநாள் நானும் என் தம்பியும் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார்: “ஏன்டா, அவரு என்ன கோயில் சாமியா, ஒரே எடத்துல இருக்க? வேல செய்றவருடா. நாளைக்கு ரெண்டு ஆட்டம் தோத்தா நீங்களே வெளிய போகச் சொல்வீங்க. அப்ப அவரு உங்க மேல கோவப்படலாமா?”

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. காற்பந்து உலகின் நடைமுறையை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பயிற்றுநரின் ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டுக்குத்தான். முடிவுகள் சரியில்லை என்றால் பருவத்தின் நடுவிலேயே அனுப்பிவிடுவார்கள். நிர்வாகம் நடுவில் வெட்டினால் அது ‘மாற்றம்’; பயிற்றுநர் நடுவில் போனால் அது ‘துரோகம்’. இந்த அளவுகோல் நியாயமா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

கும்பகருணனா, வீடணனா?

நம் பட்டிமன்ற மேடைகளில் அலுக்காத தலைப்பு ஒன்று உண்டு: சிறந்தவன் கும்பகருணனா, வீடணனா? அண்ணன் செய்வது தவறென்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக அவனோடு நின்று மடிந்தவன் ஒருவன். தவறு என்று சொல்லிப் பார்த்து, கேளாதபோது விலகி மறுபக்கம் சேர்ந்தவன் மற்றவன். நூல் வீடணனை உயர்த்துகிறது. ஆனால் மக்கள் வழக்கில் ‘வீடணன்’ என்பது இன்றும் வசைச்சொல்லாகவே இருக்கிறது. அறிவு ஒரு பக்கம் சாய்கிறது, நெஞ்சு இன்னொரு பக்கம் சாய்கிறது. கெடா இரசிகனின் குழப்பமும் இதே வகையைச் சேர்ந்தது.

ஆனால் உவமை முழுமையாகப் பொருந்தவில்லை. இலங்கையில் நடந்தது அறத்துக்கும் மறத்துக்கும் இடையிலான போர். கெடாவுக்கும் சிலாங்கூருக்கும் இடையே அப்படி ஒன்றும் இல்லை. 90 நிமிட விளையாட்டுதான். டான் செங் ஹோ கெடாவை விட்டு எதிரியிடம் நேராக ஓடவும் இல்லை. முதலில் போனது தேசியக் குழுவுக்கு. அது கெடாவையும் சிலாங்கூரையும் உள்ளடக்கிய பெரிய வீடு. சிலாங்கூருக்குப் போனது கெடாவை விட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து. இடையில் இருந்த ஆண்டுகளை மறந்துவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் ஒட்டிப் பார்ப்பதால்தான் துரோகக் கதை உருவாகிறது.

ஆகவே, விலகிச் சென்ற பயிற்றுநரை எடைபோட நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது நல்லது. இருந்தபோது என்ன செய்தார்? எப்போது போனார்? எதற்காகப் போனார்? போன இடத்தில் பழைய வீட்டைப் பற்றி எப்படி நடந்துகொண்டார்? முதல் கேள்விக்கு டான் செங் ஹோவுக்கு முழு மதிப்பெண் தரலாம். இரண்டாவதில்தான் அவர் புள்ளி இழக்கிறார். மூன்றாவதில் பெரும்பாலோர் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொல்வார்கள். நான்காவதில் குறைசொல்லும்படி நான் எதையும் கேள்விப்படவில்லை. இந்த நான்கையும் கூட்டிக் கழித்து ஒரே விடையாக்க நினைப்பதுதான் சிக்கல். நன்றி அவர் செய்த வேலைக்கு; வருத்தம் அவர் போன விதத்துக்கு. ஒன்று மற்றொன்றை அழிக்காது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம், இருப்பது இயல்பு.

நம் இனப் பயிற்றுநர்களும்

இந்தக் கலவை உணர்வு நம்மவர்களையும் விடவில்லை. கே. ராஜகோபால் 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றுத் தந்தார். 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என வென்று சுசுகி கிண்ணத்தை முதன்முறையாக நாட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று நாடே அவரைத் தூக்கி வைத்து ஆடியது. 2012-இல் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றபோது காற்று திரும்பியது. 2013-க்குப் பிறகு அவர் தேசியப் பயிற்றுநர் இல்லை.

பி. சத்தியநாதனின் கதை இன்னும் பொருத்தமானது. 2009-இல் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றதை ஒட்டித் தேசியப் பொறுப்பை இழந்தார். அடுத்த ஆண்டே கிளந்தானுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். கோத்தா பாரு வீதிகளில் அவர் பெயர் கொண்டாடப்பட்டதைக் கேட்டு நம் வீடுகளிலும் பெருமை பொங்கியது. அவரும் அங்கேயே தங்கிவிடவில்லை. பின்னர் வேறு குழுக்களுக்கும், சிலாங்கூருக்கும் போனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சத்தியநாதன் கிளந்தானை விட்டுப் போனபோது தமிழர்களாகிய நாம் அதைத் துரோகம் என்று நினைத்தோமா? இல்லை. ‘திறமைக்கு எங்கும் மதிப்பு’ என்றோம். டான் செங் ஹோ கெடாவை விட்டுப் போனபோது மட்டும் நமக்கு வலித்தது. போகிறவர் செய்வது ஒன்றுதான். அவர் போவது யாருடைய வீட்டிலிருந்து என்பதைப் பொறுத்தே நம் தீர்ப்பு மாறுகிறது.

உலகெங்கும் இதே கதைதான். 1983-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் குழுவை ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணம்வரை கொண்டுபோனவர் அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 நவம்பரில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 2022-இல் அதே அபர்டீன் தன் அரங்கில் அவருக்குச் சிலை வைத்தது. இன்னொரு பக்கம், 2019 பிப்ரவரியில் செல்டிக் குழுவைப் பாதியில் விட்டு லெய்செஸ்டருக்குப் போன பிரண்டன் ரோஜர்ஸை இரசிகர்கள் பதாகை பிடித்துச் சாடினார்கள். அவரே 2023-இல் செல்டிக்குக்குத் திரும்பினார். திட்டியவர்களில் பலர் கைதட்டினார்கள். காலம் பல கோபங்களை ஆற்றிவிடுகிறது.

வீடு இருந்தால்தானே வாசல்?

கெடாவில் காலம் வேறொரு வேலையைச் செய்தது. டான் செங் ஹோவுக்குப் பின்னும் நல்ல நாள்கள் வந்தன. சிங்கப்பூர்க்காரரான அய்டில் ஷாரின் பொறுப்பில் 2019-இல் பேராக்கை 1-0 என வென்று எஃப்.ஏ. கிண்ணம் கிடைத்தது. 2020, 2021 பருவங்களில் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். ஆனால் உள்ளே பணம் வற்றிக்கொண்டிருந்தது. சம்பள பாக்கி, புள்ளிக் கழிப்பு என்ற செய்திகள் தொடர்ந்து வந்தன. கடைசியில் 2025-26 பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கில் கெடாவின் இடமே போனது.

ஒரு பயிற்றுநர் போனதால் ஒரு குழு சாவதில்லை. கணக்குப் புத்தகம் சரியில்லாவிட்டால் எத்தனை திறமையான பயிற்றுநர் இருந்தும் பயனில்லை. நாம் பல ஆண்டுகள் ‘அவர் ஏன் போனார்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ‘வந்தவர்களும் இருந்தவர்களும் மாதச் சம்பளத்தை ஒழுங்காக வாங்குகிறார்களா?’ என்று கேட்கவில்லை. போனவரின் மேல் காட்டிய கோபத்தில் பாதியை நிர்வாகத்தின் மேல் கேள்வியாகக் காட்டியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். இன்று எங்கள் வட்டாரத்தில் டான் செங் ஹோவைப் பற்றிய பேச்சு மென்மையாகிவிட்டது. அவர் மாறவில்லை. திரும்பி வருவதற்கு ஒரு வலுவான வீடு இல்லாதபோது, போனவரைக் கோபிக்கும் உரிமையும் நமக்குக் குறைந்துவிட்டது.

நாமும் போகிறவர்கள்தான்

இப்போது நம்மைப் பற்றி.

கெடாவிலிருந்து சிலாங்கூருக்குப் போனவர் டான் செங் ஹோ ஒருவர்தானா? எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது கிள்ளானிலோ, பூச்சோங்கிலோ, ஷா ஆலாமிலோ இருக்கிறார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பலருக்கு வேலை குறைந்தது. நிலம் வீடமைப்புக்குப் போனபோது சிலருக்கு வீடே இல்லாமல் போனது. சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளும் பிறையும் ஒரு பகுதியினரை எடுத்துக்கொண்டன. படித்தவர்களைத் தலைநகரம் எடுத்துக்கொண்டது. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள். ‘பெரிய ஆளாகிவிட்டார், நம்மையெல்லாம் நினைப்பாரா?’ என்று ஒருவர் சொல்வார். ‘நம் பிள்ளை நல்லா இருக்கிறானே, அது போதும்’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் ஒரே ஆள் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

நானும் அந்த வரிசையில் நிற்கிறேன். இறுதியாண்டு மாணவன். தொழிற்பயிற்சிக்கு ஷா ஆலாமில் இடம் கிடைத்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்தால் திரும்பி வருவேன் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பள்ளி முடிந்த பிறகும் இருந்து பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களால்தான் நான் இந்தப் பக்கத்தில் தமிழில் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளிதான் என்னைத் தூக்கிவிட்டது. அதற்கு நான் பட்டிருக்கும் கடன் எதுவென்று இந்தக் கட்டுரையை எழுதும்போதுதான் தெளிவாக யோசித்தேன்.

போவது குற்றமில்லை. பெரியப்பா சொன்னதுபோல், வேலை செய்கிறவன் ஒரே இடத்தில் இருக்க அவன் கோயில் சாமி இல்லை. ஆனால் மேலே சொன்ன நான்கு கேள்விகள் நமக்கும் பொருந்தும். இருந்தபோது என்ன செய்தோம்? கைவேலையைப் பாதியில் விட்டோமா, முடித்தோமா? எதற்காகப் போகிறோம்? போன இடத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுகிறோமா?

நான்காவது கேள்விதான் நம் கையில் முழுமையாக இருக்கிறது. சில நண்பர்களிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் ‘சுங்கைப்பட்டாணி’ என்பார்கள். துருவிக் கேட்டால்தான் தோட்டத்தின் பெயர் வெளியே வரும். அப்படித் தயங்காமல் சொல்லலாம். விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதமோ அறிவியலோ சொல்லிக் கொடுக்கலாம். மாலையில் அதே பிள்ளைகளோடு திடலில் பந்தாடலாம். நம் பேரவையின் விடுமுறைக்காலத் திட்டங்களில் கெடா தோட்டங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். முன்னாள் மாணவர்களில் வடக்கிலிருந்து போனவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பழைய பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். வருகிறவர்களை ‘இப்போதுதான் வழி தெரிந்ததா?’ என்று கேட்காமல் ஊரும் வரவேற்கட்டும்.

கெடா குழு மறுபடி சூப்பர் லீக்குக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தெரியவில்லை. கீழே இருந்து ஏறுவது எப்படி என்பதை டான் செங் ஹோ ஒருமுறை செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாளை அவர் எந்தக் குழுவுக்காக டாருல் அமானில் வந்து நின்றாலும், தொண்ணூறு நிமிடமும் எங்கள் குழு வெல்ல வேண்டும் என்றுதான் நான் கத்துவேன். ஆட்டம் தொடங்குமுன் அவர் பெயரை அறிவிக்கும்போது மட்டும் கைதட்டுவேன்.